நல்ல தரையில் இரண்டு பலகைகள்

1

அப்பா இங்கே வந்துவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த வாரம் மறுபடியும் பந்தயக் காலம் தொடங்குகிறது. சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, கராஜில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தெளிவாக ஏதோ சொல்லப்போகிறான் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள். எனக்கே பிடிபடாத ஒன்றைத்தான் உங்கள் முன்னால் கொட்டப்போகிறேன்.

பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்துக்கு வெளியே எங்கள் வீடு. கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் அரியலூர் மாவட்டத்தில், விக்கிரமங்கலத்திலிருந்து இன்னும் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எங்கள் பங்காளிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் ஏதாவது எழுதிவைக்க, அவர்கள் நாளைக்கு அதே கடையில் போய் டீ குடிக்க வேண்டும்.

இங்கே சைக்ளோகிராஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. ரோட்டில் இல்லை. குளிர்காலத்தில் வயலில், மேட்டில், மணலில், சேற்றில் ஓட்டுவது. இந்தப் பகுதியில் பேசுகிற டச்சு மொழியில் இதற்குப் பெயரே 'வயலில் ஓட்டுவது' என்றுதான். ஒரு சின்ன வட்டத்தை முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடலாம். அது போதாதென்று, நல்ல புல்தரையில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு பலகைகளைக் குறுக்கே நட்டு வைத்திருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறிப் போக வேண்டும். வயசுப் பிள்ளைகள் சிலர் இறங்காமல் சைக்கிளோடு எம்பித் தாண்டிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவன் இறங்கிவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.

நான் இதில் விழுந்ததற்குக் காரணம் என் மகள் யாழினி. சின்ன வயசில் அவளை உள்ளூர் சைக்கிள் கிளப்பில் சேர்த்தோம். மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்ற மற்ற அப்பாக்கள் ஒவ்வொருவராகக் குடையைப் போட்டுவிட்டு ஓட்டக் கிளம்பினார்கள். தனியாக நிற்க வெட்கமாக இருந்ததால் நானும் கிளம்பினேன். எத்தனையாவதாக வந்தாய் என்று பெரம்பலூரிலிருந்து அக்கா போனில் கேட்பாள். எனக்குப் பின்னால் யாராவது வந்தார்களா என்று கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம்.

ஆனாலும் விடவில்லை. ஆபீசில் இத்தனை வருஷமாகியும் விருந்துக்கு வந்தவன் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் சிரித்து முடித்த பிறகு எனக்கு நகைச்சுவை புரியும். சேற்றில் மட்டும் அப்படி இல்லை. அங்கே யாரும் நீ எங்கிருந்து வந்தாய் என்று என்னைக் கேட்டதில்லை. இந்த நாட்டில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்றால் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துச் சேறுதான்.

2

பெயர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

ஊரில் நான் த. அறிவழகன். இங்கே நான் தங்கராசு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். அது அப்படியே இங்கே நகராட்சி ஆபீசில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பல் டாக்டரிடம் போனால் "மிஸ்டர் தங்கராசு" என்று கூப்பிடுவார்கள். நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பேன். மாற்ற முடியுமா என்று ஒரு தடவை கவுண்டரில் போய்க் கேட்டேன்.

"தங்கராசு என்பது உங்கள் குடும்பம்தானே?" என்றார் அங்கிருந்த அம்மா.

"இல்லை, என் அப்பா."

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

இதற்கு மேல் என்னால் டச்சு மொழியில் வாதாட முடியவில்லை. அப்புறம் யாழினி பிறந்தாள், அவளும் தங்கராசு ஆனாள். அப்பாவுக்குத் தெரியாமலே அவர் பெயரில் இங்கே இரண்டு பேர் நடமாடிக்கொண்டிருந்தோம்.

பந்தயத்தில் மைக் பிடிப்பவரும் குடும்பப் பெயரைத்தான் சொல்வார். அவருக்குத் தங்கராசு வாயில் நுழையாது. "டங்காராசூ" என்று இழுப்பார். அப்படி இழுப்பதில் அவருக்கு ஒரு குஷி. கடைசியில் வருகிறவன் மனசு நோகக் கூடாது என்று இரண்டு தடவை சொல்வார்.

3

அம்மா இறந்த பிறகு அப்பா பெரம்பலூரில் அக்கா வீட்டில் இருக்கிறார். ஒரு தடவையாவது வந்து பாருங்கள் என்று நச்சரித்து, மூன்று மாத விசா வாங்கினோம். திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று விசா ஆபீசில் கேட்டார்களாம். "ஆடு கெடக்குங்க, யாரு பாக்கறது" என்றாராம் அப்பா. அக்கா வேறு காகிதங்களைக் காட்டிச் சமாளித்திருக்கிறாள்.

வந்த இரண்டாவது வாரம் அவரைப் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் பெரிய ஜாக்கெட், குரங்குக் குல்லா, மஃப்ளர். கூடாரம் கூடாரமாகப் போட்டு, உருளைக்கிழங்கு பொரிக்கிற எண்ணெய் வாசனையும் ஜெனரேட்டர் சத்தமுமாக இருந்த திடலைப் பார்த்துவிட்டு, "என்னா சாமிக்குப்பா?" என்றார்.

"சாமியெல்லாம் இல்லப்பா. சைக்கிள் பந்தயம்."

"சிறுவாச்சூர் கோயில்ல வெள்ளிக்கெழம நிக்கிற கூட்டமாட்டம்ல இருக்கு" என்று சிரித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

யாழினியோடு அவரைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். தரை காய்ந்திருந்தது, பிடித்துக்கொள்ளக் கயிறும் இருந்தது. கூட்டமும் அங்கேதான் நிற்கும். எதிரே இருந்த சேற்று மேடும் அங்கிருந்து தெரியும். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று யோசித்துச் செய்தது அது.

முதல் சுற்றில் அங்கே வந்தேன். மைக்கில் "டங்காராசூ, டங்காராசூ" என்று வந்தது. நான் இறங்கினேன். இரண்டு பக்கமும் கூட்டம் கத்தியது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி ஓடும்போது அப்பா முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அடுத்த சுற்றில் அவர் அந்த இடத்திலேயே இல்லை. யாழினி மட்டும் நின்று உதட்டைப் பிதுக்கினாள்.

பந்தயம் முடிந்து தேடினால், காரில் உட்கார்ந்திருந்தார்.

"குளுருதாப்பா?"

"இல்ல."

ராத்திரி தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருந்தது. என் மனைவி கவிதா, ரசம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே அவராகக் கேட்டார்.

"அந்த மைக்குக்காரன் யாரு?"

"பந்தயத்தப் பத்தி ஜனங்களுக்குச் சொல்றவருப்பா."

"எம் பேரச் சொல்றான். சொன்ன ஒடனே நீ எறங்குற. எறங்கி, தூக்கிக்கிட்டு ஓடற. எல்லாம் நின்னு வேடிக்க பாக்குறாங்க."

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பாஸ்போர்ட்டிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். மைக்குக்காரர் இறங்கச் சொல்லவில்லை, பெயரை மட்டும்தான் சொல்கிறார் என்றேன். பலகை எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன்.

"எல்லாருந்தாம்ப்பா எறங்கறாங்க. எனக்கு மட்டும் இல்ல."

"அப்பயும் இதாம்ப்பா சொன்னாங்க" என்றார் அப்பா. "ஒங்க தெருவுல எல்லாரும் எறங்கித்தான போறான், ஒனக்கு மட்டும் என்னான்னு."

4

அரியலூரில் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற வேலை கிடைத்தபோது அப்பா சைக்கிள் வாங்கினார். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. முன்பக்கக் கம்பியில் துண்டு சுற்றி என்னை உட்காரவைத்து ஓட்டிவருவார். முனை வந்ததும் இறங்கி, என்னையும் இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால் ரோடு சரியில்லை என்பார். எங்கள் ஊரிலேயே சிமெண்ட் போட்டிருந்த ஒரே தெரு அதுதான்.

கொஞ்ச நாளில் அப்பா அந்த வழியை விட்டுவிட்டார். ஓடையைத் தாண்டி, கொல்லைக்காடு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். கரிசல் மண். நாலு தூறல் விழுந்தால் மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டிப் பார்ப்பார், அப்புறம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வார். முழங்கால் வரை சேற்றோடு வேலைக்குப் போவார். ஊர்த்தெருவில் இறங்குவதைவிட அது அவருக்கு மேலாக இருந்திருக்கிறது. பிறகு எங்கள் பையன்கள் மொபெட் வாங்கி, ஒருத்தரையும் கேட்காமல் அந்தத் தெருவில் ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மூன்று அடிதடிக்குப் பிறகு அந்த வழக்கம் ஓய்ந்தது.

இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே வருஷக்கணக்காகப் பலகைக்கு முன்னால் இறங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது ஞாபகம் வந்ததில்லை. அது எனக்கு நல்லதா, இல்லை என்னிடம் ஏதோ கோளாறா என்று தெரியவில்லை. இரண்டு விதமாகவும் தோன்றுகிறது.

"சேத்துல தோள்ல போட்டுக்கிட்டு ஏறுனல்ல, அது சரி" என்றார் அப்பா. "அதப் பாத்து எனக்கே சந்தோசமாத்தான் இருந்துச்சு. சேறுன்னா எறங்கித்தான் ஆவணும். நல்ல தர, புல்லு மொளச்ச தர. அதுல ஒருத்தன் மெனக்கெட்டுப் பலகய நட்டு வெச்சு எறங்குங்கறான். நீயும் எறங்குற. எதுக்கு?"

விளையாட்டு என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது ஒரு பதிலாகப் படவில்லை. அப்பா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"டிக்கெட்ட முன்னாடி போட்டுடு. அக்கா ஒண்டியா கெடக்கறா."

அக்கா வீட்டில் மாமாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது. இப்போது போனால் மறுபடி வரமாட்டார் என்று பயந்தேன். என் பிள்ளை வெளிநாட்டில் எப்படி இருக்கிறான் என்று அவர் நினைத்தால், தன் பெயரை மைக்கில் கேட்டு நான் இறங்கியதுதான் கடைசிவரைக்கும் அவர் கண்ணில் நிற்கும். அதை எப்படி மாற்றுவது என்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

5

தாத்தாவுக்கு என்ன கோபம் என்று யாழினி கேட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். தாத்தாவிடம் மட்டும் தமிழில்தான் பேசியாக வேண்டும். அவளிடம் இருக்கிற தமிழோ சாப்பாடு, தூக்கம், குளிர் இவற்றுக்குமேல் தாண்டாது. ஆகவே நான் டச்சு மொழியில் விளக்க முயன்றேன். அந்த மொழியில் ஊர்த்தெரு என்பது வெறும் தெருவாகிவிடுகிறது.

"போர்டு வைத்திருந்தார்களா?" என்றாள்.

இங்கே ரோடு தோண்டினால் 'சைக்கிள்காரர்கள் இறங்கவும்' என்று போர்டு வைப்பார்கள். மேயராக இருந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

"போர்டெல்லாம் இல்லை."

"அப்புறம் எப்படித் தெரியும், இறங்க வேண்டும் என்று?"

"தெரியும்."

"தாத்தா காரணம் கேட்கவில்லையா?"

கேட்டால் அடி விழும் என்று சொன்னேன். புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்துபோய், தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள்.

6

டிக்கெட்டை நான் மாற்றவில்லை. விமானக் கம்பெனியில் கேட்டிருக்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம் பந்தயத்தை நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன். அப்பாவுக்காக நிறுத்தினால் அது மரியாதையா? இல்லை, அந்தத் தெருக்காரர்களுக்குப் பயந்து இத்தனை தூரம் வந்த பிறகும் ஒன்றை விட்டுக்கொடுப்பதா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இடித்தது.

கடைசியில், இறங்காமல் தாண்டினால் என்ன என்று முடிவு செய்தேன். யாழினி பலகையை எம்பித் தாண்டுவாள். தோட்டத்தில் இரண்டு செங்கல்மேல் துடைப்பக் கட்டையை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முன்சக்கரத்தைத் தூக்கு, உடம்பை முன்னால் தள்ளு, பின்சக்கரம் தானாக வரும் என்றாள். எனக்கு முன்சக்கரம் வரும், பின்சக்கரம் வராது. ஒரு வாரம் முழுக்கத் துடைப்பத்தோடு போராடினேன்.

"மூட்டு போச்சுன்னா யாரு பாக்கறது? என்னால தூக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றாள் கவிதா.

அப்பா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடாமலே குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார்.

7

அன்றைக்கு மைக்குக்காரர் என்னைக் கூப்பிட்டதும் நான் இறங்கவில்லை. முதல் பலகையைத் தாண்டிவிட்டேன். எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. இரண்டாவது பலகையில் பின்சக்கரம் மாட்டி, முகம் புல்லில் பதிய விழுந்தேன். எழுந்து ஏறி ஓட்டினேன். அடுத்த சுற்றில் முதல் பலகையிலேயே விழுந்தேன். முழங்கை கிழிந்தது. மூன்றாவது சுற்றிலும் இறங்கவில்லை, மறுபடி விழுந்தேன். என்னோடு கிளம்பியவர்கள் ஒழுங்காக இறங்கி, தாண்டி, ஏறி, எங்கேயோ போய்விட்டார்கள். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் நகரவில்லை.

இந்தப் பந்தயத்தில் இன்னொரு விதி இருக்கிறது. முதலாவதாக ஓடுகிறவர் ஒரு சுற்று முழுதும் முந்திவந்து நம்மைப் பின்னாலிருந்து பிடிக்கப்போகிறார் என்றால், நடுவர் நம்மை நிறுத்திவிடுவார். பலகையைத் தாண்டி வளைவில் நின்ற நடுவர், மஞ்சள் ஜாக்கெட் போட்ட நரைத்த மனிதர், கையைக் காட்டி என்னை ஓரத்தில் நிறுத்தினார். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டி, இறங்கு என்றார்.

எனக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை அப்படி இறங்கி, சிரித்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறேன். அன்றைக்குக் கால் தரைக்கு வரவில்லை. கயிற்றுக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் மறுபடி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கு விளங்கியிருக்காது, எனக்கும் விளங்கவில்லை.

அதற்குள் அப்பா கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்துவிட்டார். பின்னாலேயே யாழினி.

"என்னா சொல்றாரு?"

"எறங்கச் சொல்றாருப்பா."

அப்பா நடுவருக்கு நேராகப் போய் நின்றார். மஃப்ளரை வாயிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏங்க எறங்கணும்? காரணத்தச் சொல்லுங்க."

யாரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நடுவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் யாழினி அவரிடம் டச்சில் அதைச் சொன்னாள். அவர் எரிச்சல்படவில்லை. மேட்டுப் பக்கம் கையைக் காட்டி, என்னைக் காட்டி, வளைவைக் காட்டி நிதானமாகச் சொன்னார். யாழினி நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"தாத்தா, ஃபர்ஸ்ட் ஆள் பின்னாடி வராரு. ரொம்ப ஸ்பீடு. அப்பா ஸ்லோ. இடிச்சா ரெண்டு பேருக்கும் அடி. ஸ்லோ ஆள் எல்லாரும் எறங்கணும்."

"எல்லாருமா?" அப்பா விடவில்லை. "அவரு வூட்டு ஆளுங்கன்னாலும் எறக்குவாரான்னு கேளு."

யாழினி தயங்கினாள். பிறகு கேட்டாள். நடுவர் குல்லாவைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னார். யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரோட தம்பி இருக்காராம் தாத்தா. போன சண்டே, இந்த எடத்துலயே எறக்கினாராம். தம்பி இன்னும் கோவமாம். பேசலயாம்."

அப்பா அந்த மனிதரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வந்து என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பியவே எறக்கியிருக்காரு. அப்பறம் என்னா? எறங்கு."